துணி காய்வதற்குள்

“இந்தக் கும்பலோட என்னால உட்கார முடியாது, ஆசானே” என்றாள் சிலம்பாயி.

ஆசான் நிலவன் சத்திரத்து முற்றத்தில் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிலம்பாயியைவிட வயதில் சிறியவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன் அக்கா?”

“எல்லாம் தப்புத் தப்பாப் பேசுதுங்க. பேசிட்டுக் கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க. எனக்குச் சிரிக்க நேரமில்லை.”

“சரி.”

“அவங்க தப்பு எனக்கும் ஒட்டிக்கும்.”

“ஒட்டும்” என்றார் ஆசான்.

மறுத்துப் பேசுவார், ஒரு கை பார்த்துவிடலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தவள் அவள். இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் என்ன செய்வது? சண்டைக்கு வந்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அந்தச் சத்திரம் மலையடிவாரத்தில், கணவாய்ப் பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் வேறு மொழி. மழை பிடித்தால் கணவாய் அடைத்துக்கொள்ளும். வழிப்போக்கர்கள் சத்திரத்திலேயே தங்கிவிடுவார்கள். மழை விடுவதற்குள் ஆசானிடம் அந்தப் பக்கத்து மொழியைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். ஆசானுடைய அப்பா இந்தப் பக்கத்துக்காரர், அம்மா அந்தப் பக்கத்துக்காரி. இரண்டு மொழியிலும் திட்டு வாங்கி வளர்ந்த மனிதர்.

அந்த வருஷம் உப்பு மூட்டை ஏற்றிப் போகும் மாட்டுக்காரர் மொக்கையன் தங்கியிருந்தார். வளையல் விற்கும் ஒச்சம்மா இருந்தாள். இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அங்கே போய் விற்க வேண்டும், வாங்க வேண்டும், அவ்வளவுதான். நாலு சொல் தப்பானால் என்ன, குடியா முழுகிவிடும்?

சிலம்பாயிக்கு முழுகிவிடும்.

கணவாயில் வெள்ளம் வந்த வருஷம் அது அவள் புருஷனைக் கொண்டுபோயிற்று. அப்போதுதான் மழலை பேசத் தொடங்கியிருந்த மகள் மயிலாவையும் கொண்டுபோயிற்று என்றுதான் ஊர் சொன்னது. அவளும் நம்பினாள். அழுது ஓய்ந்தாள். வருஷங்கள் போயின. போன கோடையில் ஒச்சம்மா வந்து, “அடியே, அந்தப் பக்கத்துல ஆடு மேய்க்கற ஊர் ஒண்ணுல ஒரு பொண்ணு வளருது. வெள்ளத்துல கண்டெடுத்ததாம். அச்சு அசல் உன் புருஷன் சாடை” என்றாள்.

சிலம்பாயி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். மயிலாவேதான். காது மடல் முதற்கொண்டு அப்பனை உரித்து வைத்திருந்தது. “என் கண்ணே!” என்று இவள் பாய்ந்ததும் பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டு ஓடி, வளர்த்தவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இவள் அழுதபடி சொன்ன ஒரு வார்த்தையும் அதற்குப் புரியவில்லை. அது அழுதபடி சொன்ன ஒரு வார்த்தையும் இவளுக்குப் புரியவில்லை.

அந்த ஊரார் பொல்லாதவர்கள் இல்லை. இந்த மாதிரி வழக்குக்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது.

அறுவடை முடிந்து ஊர் கூடுகிற நாளில் ஒரு துணியை நனைத்துக் கொம்பில் போடுவார்கள். பிள்ளையை நடுவில் உட்கார வைப்பார்கள். உரிமை கேட்டு வந்தவள் எதிரில் நின்று பிள்ளையோடு பேசலாம். பிள்ளைக்குப் புரிகிற மொழியில், தன் சொந்த வாயால் பேச வேண்டும். தொடக் கூடாது. மற்ற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. துணி காய்வதற்குள் பிள்ளை தானாக எழுந்து அவளிடம் நடந்து போனால் பிள்ளை அவளுக்கு. இல்லையென்றால் வளர்த்தவளுக்கு. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

இந்த நெருப்பை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுக்காரரோடு உட்கார்ந்து சிரிக்கவா முடியும்?

“நான் தனியாப் படிக்கறேன்” என்றாள்.

“படிங்க.”

“யாரும் உள்ள வரக் கூடாது.”

“வர மாட்டாங்க.”

ஆசான் எழுந்து போய்த் தானியம் வைக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார். போனவர் திரும்பி வந்து ஒரு மண்பானையைக் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்தார்.

“இது எதுக்கு?”

“பேசறதுக்கு.”

“பானைகிட்டயா?”

“தப்பாப் பேசாது. சிரிக்காது” என்றார் ஆசான்.

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகத்தான் இருக்க வேண்டும்.


சிலம்பாயி கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் வந்து ஆசானிடம் வேண்டிய சொற்களைக் கேட்டுக்கொள்வாள். ஒவ்வொன்றையும் அவர் சொல்லிக் காட்டுவார். அவள் உள்ளே போய்ப் பானையின் எதிரில் உட்கார்ந்து அதையே அரைப்பாள். நாக்கு சரியாகத் திரும்பும்வரை விட மாட்டாள். அடேயப்பா, என்ன பிடிவாதம்! சோறு ஆறிப்போய்க் கிடக்கும். ஒச்சம்மா வந்து கதவைத் தட்டுவாள்.

“அடியே, செத்த நேரம் வெளிய வந்து உட்காரேன். முகமெல்லாம் வெளிறிப் போச்சு.”

“எனக்கு வேலை இருக்கு, ஒச்சம்மா.”

சுவருக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் சிரிப்பு வெடிக்கும். மொக்கையன் என்னவோ சொல்லியிருப்பார். சிலம்பாயி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள்.

மகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் கோத்துக் கோத்து ஒரே பேச்சாகக் கட்டினாள். ‘மகளே, நான் உன்னைப் பெற்றவள்’ என்று அது தொடங்கும். வெள்ளம் வரும். அப்பா போனது வரும். நம் வீட்டு அடுப்பில் எரியும் தீ வரும், நீ தூங்கிய தூளி வரும். ‘அங்கே உட்கார்ந்திருப்பவள் உன் தாய் அல்ல’ என்று ஒரு வரி வரும். கடைசியில், ‘எழுந்து என்னிடம் வா’ என்று முடியும்.

அந்தத் ‘தாய் அல்ல’ வரியைத்தான் அவள் எல்லாவற்றையும்விட நன்றாகப் பழகியிருந்தாள். அதில் தூசி துரும்பு கிடையாது.

பயம் மட்டும் போகவில்லை. மழை கொஞ்சம் விட்டால், ஐயோ, கணவாய் திறந்துவிடுமே, இன்னும் படித்து முடிக்கவில்லையே என்று பதறுவாள். மழை வலுத்தால், ஐயோ, அறுவடைக்குப் போய்ச் சேர முடியாதோ என்று பதறுவாள். எப்படிப் பெய்தாலும் அவளுக்கு நிம்மதி இல்லை.

ஒரு நாள் பேச்சு முழுதும் தங்குதடையில்லாமல் வந்தது. கதவைத் திறந்துகொண்டு நேரே அடுப்படிக்கு வந்தாள். ஆசான் குழம்பு கிளறிக்கொண்டிருந்தார்.

“கேளுங்க” என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். மகளே, நான் உன்னைப் பெற்றவள். ஆறு போல ஓடியது. ஆசான் நடுவில் என்னவோ சொன்னார். அவள் நிறுத்தவில்லை. இன்னும் பலமாகச் சொன்னார். பாராட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தினாள். ஆசான் கத்தினார். அவள் தடுமாறினாள். எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியவில்லை. சரி, முதலிலிருந்தே சொல்லிவிடலாம் என்று, “மகளே, நான் உன்னைப் பெற்றவள்” என்று மறுபடியும் தொடங்கினாள்.

“தீ! அக்கா! துணி! நீ!” என்று அந்தப் பக்கத்து மொழியைக் கொத்துக்கறி போட்டபடி மொக்கையன் ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரை அவள் மேல் கவிழ்த்தார்.

கண்ணைத் திறந்தாள். முந்தானை நுனி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் சொட்டியது.

“பேச்சு சுத்தம். ஒரு பிழை இல்லை” என்றார் ஆசான்.

“என்ன கத்துனீங்க?”

“தீன்னு கத்துனேன்.”

“எந்த மொழியில?”

“நீங்க படிக்கற மொழியிலதான்.”

“அந்தச் சொல் எனக்குத் தெரியுமே! என் பேச்சுலயே வருதே!”

“ஆமா அக்கா. உங்க வாயில வரப்போ தெரியும்.”

சிலம்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அங்க என் பொண்ணு நடுவுல ஒரு வார்த்தை சொல்லிட்டா?” என்றாள். “ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன், ஆசானே?”

ஆசான் குழம்பை இறக்கி வைத்தார்.

“மொக்கையன் பக்கத்துல இடம் இருக்கு” என்றார்.


முதல் நாள் சிலம்பாயி வாயைத் திறந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். முகம் சிவந்து எழுந்துவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் ஒச்சம்மா அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லிவைத்தாள். சிரிப்பு அந்தப் பக்கம் தாவியது. சிலம்பாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவளுக்கு அது பிடித்துக்கொண்டது.

மொக்கையனுக்குப் போ, வா, நில் என்ற சொற்கள் கடைசிவரை நாக்கில் ஏறவில்லை. மாட்டை ஓட்டுகிற சத்தங்களையே போட்டுச் சமாளித்தார். எல்லாருக்கும் புரிந்தது. அதனால் எல்லாரும் அதையே போட்டார்கள். பெரிது, சிறிது, நிறைய, கொஞ்சம் என்பதற்கெல்லாம் ஒச்சம்மா கையை ஆட்டி வளையலைக் குலுக்குவாள். அதுவும் எல்லாருக்கும் புரிந்தது. யாருக்காவது ஒரு சொல் மறந்து போனால் பக்கத்தில் இருப்பவர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது சரியா தப்பா என்று யார் பார்த்தார்கள்? பேச்சு நிற்காமல் ஓடினால் போதும்.

எத்தனை பேச்சு! மாடு, மழை, மாமியார், கருவாடு, யார் குறட்டை விட்டது என்று எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே பேசினார்கள். சிலம்பாயி கேட்டதெல்லாம் புரிந்தது. சொன்னதெல்லாம் மற்றவருக்குப் புரிந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டாள். படுத்ததும் தூக்கம் வந்தது. சில நாள் பேச்சைச் சொல்லிப் பார்க்கவே மறந்துபோனாள்.

“பாத்தியா? இதுக்குப் போய்ப் பானையோட குடித்தனம் நடத்துனியே!” என்று ஒச்சம்மா அவள் தோளில் இடித்தாள்.

ஆசான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புளியங்கொட்டையைக் கல்லில் தேய்ப்பதுதான் அவருக்கு வேலை. யாராவது கேட்டால் திருத்துவார். நாளாக ஆக யாரும் கேட்கவில்லை.

மழை மெலிந்தது. கணவாயைக் கடந்து முதல் ஆளாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கம்பளிக்காரி வந்தாள். சத்திரத்தில் மூட்டையை இறக்கினாளோ இல்லையோ, இவர்கள் அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மொக்கையன் பேசினார். ஒச்சம்மா பேசினாள், குலுக்கினாள். சிலம்பாயி எல்லாருக்கும் மேலே பேசினாள். கம்பளிக்காரி மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

கடைசியில் ஆசானிடம் திரும்பி என்னவோ சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்றாள் ஒச்சம்மா.

ஆசான் கொஞ்சம் யோசித்தார்.

“உங்க ஊர் மொழி கேக்க ரொம்ப நல்லா இருக்காம்” என்றார். “அங்கங்க அவங்க மொழி மாதிரியே இருக்காம்.”

மொக்கையன் தொடையைத் தட்டிக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தார். ஒச்சம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர்களுக்கென்ன, வளையலும் உப்பும் கையைக் காட்டினாலே விற்கும்.

சிலம்பாயி சிரிக்கவில்லை.

கம்பளிக்காரி வெயில் இருக்கும்போதே அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். சிலம்பாயி ஆசானைத் தேடிக் கிணற்றடிக்குப் போனாள்.

“தனியாப் படிச்சேன், செவிடாப் போனேன்” என்றாள். “கும்பலோட படிச்சேன், ஊமையாப் போனேன். தெரிஞ்சுதான என்னை ரெண்டு பக்கமும் தள்ளிவிட்டீங்க?”

ஆசான் நீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

“பதில் சொல்லுங்க! உங்களுக்கு விளையாட்டா இருக்கு. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. மொக்கையன் பேச்சு எது, சரியான பேச்சு எதுன்னு இப்பப் பிரிச்சுப் பாக்கக்கூடத் தெரியலை. நான் என்னதான் பண்ணணும்?”

“கம்பளிக்காரி சாப்பிட்டாளா?” என்றார் ஆசான்.

“என்னது?”

“மலை ஏறி இறங்கி வந்தவ. சாப்பிட்டுத்தான் போனாளா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க எல்லாரும் அவ்வளவு நேரம் பேசினீங்களே, அக்கா.”

இந்த மனுஷனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்றுதான் சிலம்பாயிக்கு முதலில் தோன்றியது. ஆனால் ஏனோ மேற்கொண்டு கத்த முடியவில்லை.

ஆசான் குடத்தை நிரப்பிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார்.

“கணவாய் திறந்தாச்சு. நாளைக்கே கிளம்புங்க. இல்லேன்னா அறுவடைக் கூட்டம் போயிடும்.”

“எனக்கு இன்னும் பேச வரலையே, ஆசானே!”

“அதை அந்த மொழியில சொல்லத் தெரியுமா?”

யோசித்தாள். “தெரியும்.”

“சொல்லுங்க.”

சொன்னாள். எனக்கு இன்னும் பேச வரவில்லை.

“பிழை இல்லை” என்றார் ஆசான். “கிளம்புங்க.”

“நீங்க வரலையா?”

“நான் வந்தா என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நிப்பீங்க.”


வழி நெடுக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மொக்கையனின் மாடுகளுக்குப் பின்னால் நடந்தபடி பேச்சைச் சொல்லிப் பார்த்தாள். பாதி வந்தது. மறந்துபோன வரிகள் நடுவழியில் திடீரென்று திரும்பி வந்தன, வந்த வேகத்தில் போயின. ஒச்சம்மா அவளோடு கூடவே நடந்தாள். கேலி பேசுகிற வாய்தான். அன்றைக்கு அதுவும் மூடிக் கிடந்தது.

ஊர் கூடியிருந்தது. நல்ல வெயில், போதாததற்கு மலைக்காற்று வேறு. சிலம்பாயி காற்றைச் சபித்தாள்.

ஊர்ப் பெரியவர் துணியைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் அப்படியே கொம்பில் போட்டார். அவரால் முடிந்த கருணை அது.

பிள்ளை நடுவில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள். தலையை அழுத்தி வாரி இறுக்கப் பின்னியிருந்தார்கள். ஒரு பக்கம் வளர்த்தவள் மாகி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பின்னலை அன்று காலையில் அவள்தான் போட்டிருப்பாள் என்று சிலம்பாயிக்குத் தோன்றியது. அந்த நினைப்பை உதறினாள்.

“மகளே, நான் உன்னைப் பெற்றவள்” என்று ஆரம்பித்தாள்.

வந்துவிட்டது! பானையிடம் சொன்னது சொன்னபடி வந்தது. வெள்ளம் வந்தது. அப்பா போனது வந்தது. ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறாள் என்று. பிள்ளையின் முகம் மட்டும் கோணிக்கொண்டே போயிற்று. உதடு பிதுங்கியது. பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்பு, தீ, தூளி. அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள்.

பிள்ளை என்னவோ கேட்டாள்.

சின்னக் கேள்விதான். சிலம்பாயிக்கு அது புரியவில்லை. மண்டைக்குள் எல்லாம் கலைந்துபோயிற்று. வாய் தானாகவே, “மகளே, நான் உன்னைப்” என்று முதலிலிருந்து தொடங்கியது.

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

துணியிலிருந்து சொட்டுவது நின்றிருந்தது.

“எனக்கு இன்னும் பேச வரவில்லை” என்றாள் அந்த மொழியில். “மறுபடி சொல்லு.”

பிள்ளை அவளை வியப்பாகப் பார்த்தாள். பிறகு, கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“ஏன் நடுங்கறே?”

சிலம்பாயி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். ஆமாம், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

“பயம்” என்றாள்.

“யாரைப் பாத்து?”

“உன்னை.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை யோசித்தாள்.

“எனக்கும் உன்னைப் பாத்தாதான் பயம்” என்றாள்.

துணி ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. காற்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

“உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?” என்று கேட்டாள். பெற்ற பிள்ளையிடம்.

“தோரி.”

“தோரி” என்று சொல்லிப் பார்த்தாள். “தோரி, பயம் வந்தா நீ என்ன பண்ணுவே?”

அந்தக் கேள்வியில் பாதி மொக்கையனின் மாட்டுச் சத்தம். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

“அப்படி இல்லை” என்றாள். சரியாகச் சொல்லிக் காட்டினாள்.

சிலம்பாயி திருப்பிச் சொன்னாள்.

“ம். இப்பச் சரி” என்று பிள்ளை தலையை ஆட்டினாள். பிறகுதான் பதில் சொன்னாள். “அம்மா கையைப் பிடிச்சுக்குவேன்.”

எந்த அம்மா என்று சிலம்பாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாகியின் தலை இன்னும் குனிந்தது.

அந்த வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவள் உன் தாய் அல்ல. மழைக்காலம் முழுதும் அரைத்த வரி. சொன்னால் ஒரு எழுத்துப் பிசகாது. ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளையும் இப்போது காது கொடுத்துக் கேட்கிறாள்.

சிலம்பாயி அதை விழுங்கினாள்.

“போ. போய்ப் பிடிச்சுக்கோ” என்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் போடக் கூடாது என்பதால் வளையலை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டு அடித்துக்கொண்டாள்.

பிள்ளை எழுந்தாள். ஓடிப்போய் மாகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிலம்பாயி துணியைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. துணி காய்ந்து சரசரத்தது. ஒரு முனை மட்டும் இன்னும் ஈரத்தில் கொஞ்சம் கறுத்திருந்தது. பெரியவர் தொட்டுப் பார்க்க எழுந்தார்.

யாரோ பேசினார்கள்.

“என்ன?” என்றாள் சிலம்பாயி, பார்வையைத் திருப்பாமல்.

மறுபடியும் பேச்சு வந்தது. குரல் இப்போது பக்கத்தில், இடுப்பு உயரத்தில் கேட்டது. திரும்பினாள். பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் மாகியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மாகி என்ன செய்வதென்று தெரியாமல் பாதி குனிந்தபடி நின்றாள்.

“உனக்கும் பயம்னு சொன்னியே” என்றாள் பிள்ளை, இவளுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்தி. மற்றொரு கையை நீட்டினாள்.

“இந்தக் கை சும்மாதான் இருக்கு.”